வெறுங்கை முழம் போடுமா? குறைமாதக் குழந்தைகளின் தொடு சிகிச்சையும் மருந்துப்போலியும்

கொழும்பில் ஒரு வைத்தியசாலையின் குறைமாதக் குழந்தைகள் பிரிவில், 31ஆம் வாரத்தில் பிறந்த மகளைத் தொட என் தங்கைக்கு முதன்முதலாக அனுமதி கிடைத்த நாளில், நான் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவி, மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டு, இன்கியூபேட்டரின் வட்டக் கதவுக்குள் அவள் கையை நுழைத்தாள். தாதி சொல்லிக் கொடுத்தபடி ஓர் உள்ளங்கையைப் பிள்ளையின் தலையில் தொப்பி போலக் கவிழ்த்து வைத்தாள்; மற்றக் கையால் மடங்கிய கால்களைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். தடவவும் இல்லை, ஆட்டவும் இல்லை. திரையில் 170ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த இதயத்துடிப்பு சில நிமிடங்களுக்குள் 150க்குக் கீழே இறங்கியது.

அந்த வாரமே வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் வேறொரு பேச்சு எழுந்தது. குறைமாதப் பிள்ளைகளுக்கென்று தொடு சிகிச்சை செய்கிற ஒருவரைப் பற்றி உறவினர் ஒருவர் தகவல் கொண்டு வந்திருந்தார். பத்து நாள் செய்தால் பிள்ளை நிறை போடும் என்று அவர் உறுதி சொன்னாராம். "என்ன இருந்தாலும் பிள்ளையை உருவிவிட்டாத்தானே உடம்பு தேறும்" என்று அம்மம்மாவும் ஆமோதித்தார். பிரிவுக்குப் பொறுப்பான வைத்தியர் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னதால் அந்தப் பேச்சு அப்படியே நின்றது. எட்டாம் நாளிலிருந்து பிள்ளை தானாகவே நிறை போடத் தொடங்கியது. அந்தச் சிகிச்சையாளர் முதல் நாளே வந்து தொட்டிருந்தால், நான் உட்பட எங்கள் குடும்பம் முழுவதும் அவருடைய கைக்குத்தான் நன்றி சொல்லியிருக்கும். அந்த நன்றியில் யாருடைய பொய்யும் கலந்திருக்காது. எல்லாரும் நல்ல மனதோடு நம்பக்கூடிய ஒன்றை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதே இந்தக் கட்டுரையின் விடயம்.

மருந்துப்போலி அல்லது பிளாசிபோ என்பது, மருந்துச் சத்து எதுவும் இல்லாத ஒன்றை மருந்தென்று கொடுக்கும்போது நோயாளியிடம் காணப்படும் மாற்றத்தைக் குறிக்கிறது. 1955இல் அமெரிக்க மயக்கமருந்து நிபுணர் ஹென்றி பீச்சர், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஏறத்தாழ 35 சதவீத நோயாளிகளுக்கு மருந்துப்போலியே போதிய நிவாரணம் தருகிறது என்று எழுதினார். அந்த எண் பல பத்தாண்டுகள் பாடநூல்களில் நிலைத்திருந்தது. 2001இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹ்ரோபியார்ட்சன், கோட்ஷே ஆகிய இருவரும், மருந்துப்போலி பெற்றவர்களை எதுவுமே பெறாதவர்களோடு ஒப்பிட்ட 114 ஆய்வுகளை ஆராய்ந்தபோது, வலி போன்று நோயாளி தானே சொல்கிற விடயங்களில் சிறிய பயன் மட்டுமே தெரிந்தது; புறத்தே அளந்தறியக்கூடிய விளைவுகளில் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. பீச்சர் மருந்துப்போலியின் கணக்கில் வரவு வைத்தவற்றில் பெரும்பகுதி நோயின் இயல்பான போக்கிலேயே நடந்திருக்கக்கூடியது. ஆயினும் வலியைப் பொறுத்தவரை மருந்துப்போலியின் வேலை வெறும் கற்பனை அன்று. 1978இல் லெவின், கோர்டன், ஃபீல்ட்ஸ் ஆகியோர், பல் பிடுங்கியவர்களிடம் மருந்துப்போலியால் குறைந்த வலி, நலோக்சோன் என்ற எதிர்மருந்தைக் கொடுத்ததும் திரும்புவதைக் காட்டினார்கள். உடல் தன் சொந்த வலிநிவாரணிகளைச் சுரந்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

இதற்கெல்லாம் எதிர்பார்ப்பு ஒன்று வேண்டும். 'இது மருந்து, இனிச் சுகம் வரும்' என்ற எண்ணம் மனதில் எழ வேண்டும். ஒன்றரைக் கிலோ நிறையில் கண்மூடிக் கிடக்கும் குழந்தைக்கு மருந்து எது, சிகிச்சையாளர் யார் என்பது எப்படித் தெரியும்? ஆகவே சிசுக்களிடம் மருந்துப்போலி விளைவுக்கு இடமில்லை, அவர்களிடம் காணும் முன்னேற்றம் எல்லாம் சிகிச்சையின் உண்மையான பலனே என்ற வாதம் தொடு சிகிச்சையை ஆதரிப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிறது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் இந்த வாதத்தில் பல ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது ஓட்டைக்கு மருந்துப்போலியோடு சம்பந்தமே இல்லை.

குறைமாதக் குழந்தை ஒவ்வொரு நாளும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. முப்பதாம் வாரத்தில் மூச்சு விட மறக்கும் பிள்ளை, முப்பத்தைந்தாம் வாரத்தில் உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சு விடவும் ஒருங்கே கற்றுக்கொள்கிறது. இடைப்பட்ட நாட்களில் எதைச் செய்தாலும் அது பலித்ததாகவே தோன்றும். இதற்கு மிகப் பெரிய விலை கொடுத்த வரலாறு ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் பாதித்துப் பார்வையைப் பறித்த ஒரு நோய் பரவியபோது, நியூயோர்க்கில் வில்லியம் சில்வர்மனும் அவருடைய சகாக்களும் ஏசிடிஎச் என்ற ஹோர்மோனை 31 குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். 25 பேர் இயல்பான பார்வையோடு வீடு திரும்பினார்கள். அந்த ஹோர்மோன் கொடுக்கப்படாத இன்னொரு வைத்தியசாலையில் அதே நோய் கண்ட 7 குழந்தைகளில் 6 பேர் பார்வையை இழந்தார்கள். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்றே எவருக்கும் தோன்றும். ஆனாலும் சில்வர்மன் அதோடு நிற்கவில்லை. குழந்தைகளை எழுமாற்றாக இரு குழுக்களாகப் பிரித்து மறுபடியும் சோதித்தபோது, ஹோர்மோன் பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரும் பெறாதவர்களில் ஐந்தில் ஒரு பங்கினரும் பார்வையிழந்தார்கள். ஹோர்மோன் பெற்ற குழுவில் இறப்பும் கூடுதலாக இருந்தது. முதலில் குணமடைந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோர் எந்த மருந்தும் இல்லாமலே குணமடைந்திருக்கக்கூடியவர்கள். அந்த நோய்க்கு முக்கிய காரணம் அளவுக்கு மீறிக் கொடுக்கப்பட்ட ஒட்சிசன் என்பது 1950களின் நடுவில் பெரிய பரிசோதனை ஒன்றின் மூலம் உறுதியாகியது. அதற்குள் உலகம் முழுவதும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையை இழந்திருந்தார்கள். குறைமாதக் குழந்தைகளின் வைத்தியத்தில் ஒப்பீட்டுக் குழு இல்லாத எந்த நற்செய்தியையும் கேட்கும்போது இந்த வரலாறுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

இரண்டாவது ஓட்டை, எதிர்பார்ப்பு குழந்தையிடம்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்பதாகும். பிள்ளையைச் சுற்றி நிற்பவர்களின் எதிர்பார்ப்பே பிள்ளையின் மீது வேலை செய்யலாம். இதை ஒருவர் பெயரில் இன்னொருவர் பெறும் மருந்துப்போலி விளைவு எனலாம். 2014இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 2 மாதம் முதல் 47 மாதம் வரையான வயதுடைய, இருமலால் அவதிப்பட்ட 120 குழந்தைகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு ஒரு வகைக் கற்றாழையின் இனிப்புப் பாகும், இன்னொன்றுக்கு நிறமும் சுவையும் ஊட்டிய நீரும் கொடுக்கப்பட்டன. மூன்றாம் குழுவுக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை. மறுநாள் பெற்றோர் தந்த மதிப்பீட்டில் பாகும் நீரும் ஒரே அளவு பலன் தந்திருந்தன. இரண்டுமே எதுவும் கொடுக்காததைவிட மேலாக இருந்தன. குழந்தைக்கு உண்மையிலேயே இருமல் குறைந்ததா, கண்டு கவலைப்பட்ட தாய்க்கு மனம் ஆறியதா என்பதை அந்த மதிப்பீட்டால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றாகவே நடந்திருக்கவும் கூடும். மனம் ஆறிய தாய் பிள்ளையை வேறுவிதமாகத் தூக்குகிறாள், வேறுவிதமாகத் தூங்க வைக்கிறாள்.

இன்கியூபேட்டர்கள் வரிசையாக நிற்கும் பிரிவொன்றில் இது எப்படி இயங்கும் என்பதை நினைத்துப் பார்க்கலாம். ஒரு பிள்ளைக்குச் சிகிச்சையாளர் வந்துபோவதைத் தாதி காண்கிறார். அந்தப் பிள்ளை தேறிவருகிறது என்ற எண்ணம் அவருக்குள் தங்குகிறது; குழாய்வழிப் பாலின் அளவைக் கூட்டலாமா என்ற கேள்வி ஒரு நாள் முன்னதாகவே எழுகிறது. நம்பிக்கை பெற்ற தாய் கூடுதல் நேரம் பிள்ளையருகே இருக்கிறாள். பதற்றம் தணிந்ததால் பாலும் கூடுதலாகச் சுரக்கிறது. வீட்டுக்கு அனுப்பும் நாளைத் தீர்மானிப்பவர் வைத்தியர். அந்தத் தீர்மானத்தில் நிறை, பால் குடிக்கும் திறன், மூச்சு நிற்காமல் கடந்த நாட்கள் ஆகியவற்றோடு அவருடைய மனக்கணக்கும் கலந்திருக்கிறது. எனவே 'சிகிச்சை பெற்ற குழந்தைகள் நான்கு நாள் முன்னதாக வீடு சென்றார்கள்' என்று கேள்விப்படும்போது, அந்த நான்கு நாட்கள் யாருடைய கையால் வந்தவை என்று கேட்டாக வேண்டும்.

இந்த எண்ணை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 1874இல் அமெரிக்காவில் அன்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய ஒஸ்டியோபதி என்ற கைச்சிகிச்சை முறையைக் குறைமாதக் குழந்தைகளிடம் பயன்படுத்திய இத்தாலிய ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. மூன்று வைத்தியசாலைகளில் 695 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். வழக்கமான பராமரிப்புப் பெற்றவர்களைவிடச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் சராசரியாக 3.9 நாட்கள் முன்னதாக வீடு சென்றார்கள். எழுமாற்றாகப் பிரித்த, எண்ணிக்கையில் பெரிய ஆய்வு அது; எளிதில் ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் அந்த 3.9 நாட்களுக்குள் குறைந்தது மூன்று விடயங்கள் பின்னிக் கிடக்கின்றன: அந்த முறைக்கே உரிய நுட்பம், நுட்பம் எதுவாயினும் ஒரு மனிதக் கை பிள்ளையின் மேல் பட்டது, சுற்றி நின்றவர்களின் எதிர்பார்ப்பு. பிரித்தெடுப்பதற்கு மூன்றாவது குழு ஒன்று வேண்டும். அந்தக் குழுவில் பயிற்சி பெற்ற கை போலவே தோன்றுகிற, ஆனால் நுட்பம் எதையும் செய்யாத போலித் தொடுகை நடக்க வேண்டும். போலித் தொடுகைக் குழுவுக்கும் எதுவும் பெறாத குழுவுக்கும் இடையிலான வித்தியாசம்தான் மருந்துப்போலி விளைவு என்று கணக்கிடலாம்.

கணக்கு இவ்வளவு எளிதாக முடிந்தால் நன்றாக இருக்கும். சிக்கல் என்னவென்றால், பெரியவர்களுக்கு வெறுமையாக இருப்பது சிசுவுக்கு வெறுமையாக இருப்பதில்லை. பழைய காலத்து மருந்துப்போலியான சீனி மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். பெரியவருக்குச் சீனி எந்த நோயையும் தீர்ப்பதில்லை. பிறந்த குழந்தைக்கோ, குதிகாலில் ஊசி குத்தி இரத்தம் எடுப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பு நாக்கில் விடும் சில துளி சீனிக்கரைசல், உலகெங்கும் வைத்தியசாலைகளில் வலி தணிப்பதற்கெனவே பயன்படுகிறது. அதற்குள்ளும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2010இல் லண்டனில் ரெபேக்கா ஸ்லேட்டர் குழுவினர் செய்த ஆய்வில், சீனிக்கரைசல் பெற்ற குழந்தைகள் முகம் சுளிப்பது குறைந்தது; மூளையில் பதிவான வலிச் சைகையோ குறையவில்லை. முகத்தைப் பார்த்து நாம் போடும் மதிப்பெண்ணும் பிள்ளை உள்ளே உணர்வதும் ஒன்றுதானா என்பதே அங்கு கேள்வியாகிவிட்டது.

சீனியைப் போலத்தான் தொடுகையும். நம் தோலில், மெதுவான வருடலுக்கென்றே சிறப்பாக எதிர்வினை காட்டும் மெல்லிய நரம்பிழைகள் உள்ளன. செக்கனுக்கு 1 முதல் 10 சென்ரிமீற்றர் வரையான வேகத்தில், உடற்சூட்டோடு தடவும்போது அவை அதிகம் தூண்டப்படுகின்றன. தாய்மார் எந்தப் பாடமும் படிக்காமல் பிள்ளையைத் தடவும் வேகம் ஏறத்தாழ அதுவே. குறைமாதக் குழந்தைகளிடமும் இத்தகைய வருடல் இதயத்துடிப்பைத் தணிக்கிறது என்று 2019இல் இத்தாலியிலிருந்து வந்த ஆய்வு காட்டியது. அப்படியானால், போலித் தொடுகைக் குழுவில் இருக்கும் சிகிச்சையாளர் பிள்ளையின் வயிற்றில் கையை வைத்து இலேசாக அசைத்தாலே அவர் ஏதோ ஒன்றைச் செய்துவிட்டார். கையை அசைக்காமல் வைத்தாலும் சூடு இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது, அணைப்பு இருக்கிறது. வெறுங்கை முழம் போடுமா என்று கேட்பது நம் வழக்கம். இந்த ஒரு வயதில், இந்த ஒரு நிறையில், வெறுங்கையும் முழம் போட்டுவிடுகிறது.

மேலும், குழந்தைக்கு எதிர்பார்ப்பே கிடையாது என்பதும் முழு உண்மையன்று. சொல்லாலும் எண்ணத்தாலும் வரும் எதிர்பார்ப்பு இல்லாவிட்டாலும், உடல் பழகிக்கொள்ளும் எதிர்பார்ப்பு உண்டு. 1984இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து 2 மணி நேரம் முதல் 48 மணி நேரம் வரையே ஆன குழந்தைகளின் நெற்றியை வருடி, உடனே சீனிக்கரைசல் கொடுத்துப் பழக்கினார்கள். சிறிது நேரத்திலேயே வருடலைக் கண்டதும் குழந்தைகள் வாயைச் சப்பத் தொடங்கின. பிறகு வருடிவிட்டுச் சீனியைக் கொடுக்காமல் விட்டபோது பெரும்பாலானவை அழுதன. இன்னொரு பக்கம், 2002இல் கனடாவிலிருந்து வந்த ஆய்வு: நீரிழிவுள்ள தாய்மாருக்குப் பிறந்ததால் முதல் நாளிலேயே பல முறை குதிகாலில் குத்தப்பட்ட குழந்தைகள், பின்னர் இரத்தம் எடுப்பதற்காகத் தோலைத் துடைத்தபோதே, ஊசி படுவதற்கு முன்பே முகம் சுளித்தன. பிறந்து இரண்டு நாள் ஆகாத பிள்ளைக்கு ஈரப்பஞ்சின் குளிர் எதைக் கொண்டுவரும் என்பது தெரிந்திருக்கிறது. எங்கள் பிள்ளையின் இரு குதிகால்களிலும் அந்தப் புள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த ஆய்வைப் படித்தபோது வெறும் செய்தியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. வாரக்கணக்கில் தொடு சிகிச்சை பெறும் பிள்ளையின் உடல், இந்தக் கையின் பின் வலி வருவதில்லை என்பதைப் பழகிக்கொள்ளுமானால், நான்காம் நாள் தொடுகைக்கு முதல் நாள் தொடுகையைவிட வேறொரு பொருள் வந்துவிடும்.

இவ்வளவு சிக்கல் இருந்தும், நுட்பத்தையும் வெறும் தொடுகையையும் பிரித்துப் பார்க்கவே முடியாது என்று சொல்லிவிட முடியாது. மசாஜ் பற்றிய ஆய்வுகளின் வரலாறே அதற்குச் சாட்சி. 1986இல் அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்ட் குழுவினர் 40 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொன்றும் 15 நிமிடமாக, பத்து நாட்கள் தடவியும் கைகால்களை மடக்கி நீட்டியும் விடப்பட்ட குழந்தைகள், பாலின் அளவில் வேறுபாடு இல்லாமலே 47 சதவீதம் கூடுதலாக நிறை போட்டன; ஆறு நாள் முன்னதாக வீடு சென்றன. 2004இல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டவர்கள், நாளொன்றுக்கு 5.1 கிராம் நிறைக் கூடுதலையும் 4.5 நாள் குறைவான தங்கலையும் கண்டார்கள். ஆனால் யார் சிகிச்சை பெறுகிறார் என்பது பராமரித்தவர்களுக்குத் தெரிந்திருக்கக்கூடும் என்பதால், அந்தச் சான்றின் தரத்தை அவர்கள் ஐயத்தோடுதான் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு ஃபீல்டின் குழுவினர் 48 குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்கள்: மிதமான அழுத்தத்தோடு மசாஜ், மிக இலேசான அழுத்தத்தோடு போலி மசாஜ், எதுவும் இல்லை. மிதமான அழுத்தம் பெற்ற குழந்தைகளிடம் இரைப்பையின் அசைவும், செரிமானத்தை நடத்தும் வேகஸ் நரம்பின் செயற்பாடும், நிறையும் கூடின; போலி மசாஜ் பெற்றவர்களிடம் அப்படி நிகழவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் 'அன்பாகத் தொட்டாலே போதும்' என்ற பொதுச் சொல்லுக்கு அப்பால், அழுத்தம், நரம்பு, இரைப்பை, நிறை என்று ஒரு வழித்தடத்தை அது காட்டியது. பலனையும் அதன் வழியையும் சேர்த்து அளக்கும் ஆய்வின் மீதே எனக்கு நம்பிக்கை அதிகம். மருந்துப்போலி அந்த வழியில் வந்து உட்காருவது கடினம்.

நம் வீடுகளில் உருவிவிடும் வழக்கத்தையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அம்மம்மாவின் நம்பிக்கையில் எண்ணெயும் ஒரு பங்காளி. பங்களாதேசத்தின் டாக்காவில், 33 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளின் தோலில் சூரியகாந்தி எண்ணெய் பூசியபோது, வைத்தியசாலையில் தொற்றும் நோய்கள் 41 சதவீதம் குறைந்ததை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. முதிராத தோலுக்கு எண்ணெய் ஒரு காப்பாக நின்றிருக்கிறது. அங்கே பலன் உருவிய கைக்கா, பூசிய எண்ணெய்க்கா என்று கேட்காமல் விட்டால் தவறான ஒன்றை அடுத்த தலைமுறைக்குக் கடத்திவிடுவோம். அதே நேரம், மிக இளம் வாரங்களில் பிறந்த குழந்தைக்குத் தேவையற்ற கையாளுகையே ஒட்சிசனைக் குறைத்து இதயத்துடிப்பைத் தடுமாற வைக்கக்கூடும். ஆகவே வீட்டுக்கு வந்த நிறைமாதப் பிள்ளைக்குப் பொருந்துவதை இன்கியூபேட்டர் பிள்ளைக்குச் செய்யக் கூடாது.

கொழும்பில் இப்படியொரு பரிசோதனையை நடத்த முடியுமா என்று கேட்டால், முடியும் என்றே சொல்வேன். 1879இல் தொடங்கிய டி சொய்சா மகளிர் வைத்தியசாலையும் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் உள்ள நகரம் இது. மருத்துவப் பரிசோதனைகளை முன்கூட்டியே பதிவு செய்வதற்கான தேசியப் பதிவகமும் இங்கு உண்டு. தேவைப்படுவது கவனமான ஏற்பாடு. மூன்று குழுக்களின் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவு நிமிடங்களுக்கு, இன்கியூபேட்டரைச் சுற்றித் திரை இட வேண்டும். உள்ளே செல்பவர் ஒரு குழுவில் சிகிச்சை செய்வார், இன்னொன்றில் கையை மட்டும் வைப்பார், மற்றதில் தொடாமல் நின்றுவிட்டு வருவார். எந்தப் பிள்ளைக்கு எது நடந்தது என்பது தாதிக்கும் தாய்க்கும் வைத்தியருக்கும் தெரியக் கூடாது. நிறை பார்ப்பவர் வேறொருவராக இருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்புவதற்கான நிபந்தனைகள் முதல் பிள்ளை சேர்க்கப்படுவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். சம்மதம் கேட்கும்போது பெற்றோருக்கு அவர்களுடைய மொழியில், அவசரப்படுத்தாமல் விளக்க வேண்டும். குறைப்பிரசவம் நடந்து மூன்றாம் நாள், தையல் வலியோடு இருக்கும் தாயிடம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள பத்திரத்தை நீட்டிக் கையொப்பம் வாங்குவது, கொட்டாஞ்சேனையிலிருந்தோ வெள்ளவத்தையிலிருந்தோ வந்த தமிழ்த் தாய்க்குச் சம்மதம் ஆகாது.

இந்த மூன்று குழுக்களோடு நான்காவது ஒன்றையும் நான் கேட்பேன்: தாயின் கை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்கியூபேட்டர் பற்றாக்குறை நிலவிய வைத்தியசாலையொன்றில் எட்கார் ரே சனாப்ரியா தொடங்கிய கங்காரு முறை, பிள்ளையைத் தாயின் வெறும் மார்பில் சேர்த்துக் கட்டிவைக்கச் சொன்னது. 2021இல் வெளிவந்த ஐந்து நாட்டு ஆய்வில், 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குக் குறைவான நிறைவரை கொண்ட 3,211 குழந்தைகளில், பிறந்தவுடனேயே இந்த முறையில் பராமரிக்கப்பட்டவர்களில் 12.0 சதவீதத்தினரும், நிலைமை சீரான பிறகு அதைப் பெற்றவர்களில் 15.7 சதவீதத்தினரும் முதல் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். எதிர்பார்ப்பு இறப்பின் எண்ணிக்கையை மாற்றியிருக்கும் என்று வாதிடுவது கடினம். எந்தத் தொடு சிகிச்சையும் தன்னை ஒப்பிட வேண்டியது எதுவுமில்லாத கட்டிலோடு அன்று, ஏற்கெனவே பலன் நிறுவப்பட்ட, கட்டணமில்லாத இந்தத் தொடுகையோடுதான். பயிற்சி பெற்ற கை, தாயின் கையைவிடக் கூடுதலாக எதையாவது தருகிறதா? தந்தால் அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்கச் செய்ய வேண்டும். தராவிட்டால், அந்தக் கட்டணத்தைக் கடன் வாங்கியாவது கட்டத் தயாராக இருக்கும் குடும்பங்களுக்கு அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

என் தங்கையின் பிள்ளையின் கட்டிலருகே தொங்கிய பதிவுத்தாளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பாலின் அளவுக்கு ஒரு கட்டம், நிறைக்கு ஒரு கட்டம், மூச்சு நின்ற தடவைகளுக்கு ஒரு கட்டம், சிறுநீருக்கு ஒரு கட்டம் இருந்தன. தாய் அன்று எத்தனை நிமிடம் கையை உள்ளே வைத்திருந்தாள் என்று எழுத அதில் கட்டம் இல்லை. முப்பத்தேழு நாட்களில் அவள் உள்ளே வைத்திருந்த மணித்தியாலங்கள் எந்தத் தாளிலும் பதியப்படவில்லை. எந்தக் குழுவில் எந்தப் பிள்ளை இருந்தாலும், அதன் தாயின் கை அங்கே இருந்த நேரம் தெரியாமல் மற்றக் கைகளின் பலனைக் கணக்கிட முடியாது. ஆகவே பரிசோதனை தொடங்கும் நாளுக்கு முன்பே அந்தத் தாளில் இன்னொரு கோடு கிழித்து, அந்தக் கட்டத்தையும் வரைந்துவிட வேண்டும்.